சத்தியத்துக்குப் போன டீசல் வண்டி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஸ்கேனரைச் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நாங்கள் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுக் கோளாறு கண்டுபிடித்தவர்கள். அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். பாதி நேரம் தப்பாகத்தான் கண்டுபிடித்தோம். காது கெட்டது மட்டும்தான் சரியாக நடந்தது.

மைசூர் ஹெப்பாளில் இருக்கும் இந்த ஒர்க்‌ஷாப்பில் நான் சைலன்சர் பற்றவைக்கச் சேர்ந்தேன். கடைசி வருஷங்களில் வண்டிக்காரர்களிடம் பேசுவதும், சரி செய்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதும் என் வேலையாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நான் பற்றவைத்த சைலன்சர் கழன்று விழுந்தது என்று இந்த மைசூரில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மேனேஜர் கேட்டார். எந்த நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்பதைச் சொல்லப் போவதில்லை. அதற்குத்தான் உங்கள் போனில் வீடியோ இருக்கிறது. ஒரு காரில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததற்காக ஒரு மனிதனை மாதேஸ்வரன் மலைக்கு ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். அதைச் சொல்கிறேன்.

வண்டியின் சொந்தக்காரி ராசம்மா. மலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், எனக்கும் அதுதான் ஊர். புருஷன் லாரி முதலாளி. அவர் போன பிறகு லாரிகளை விற்றுவிட்டு மார்க்கெட்டில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவுக்கென்று ஒரு புது டீசல் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். பெட்ரோலில் ஓடுவதெல்லாம் வண்டியா என்பது அந்த வீட்டின் கொள்கை.

அன்றைக்கு ராசம்மா முன்னால் வந்தார். அவருடைய டிரைவர் மாதேஷ் நாலடி பின்னால் வந்தான். மாதேஷும் ஹனூர்க்காரன்தான். நடுவயது, அதிகம் பேசாதவன், வண்டியை நிறுத்தினால் இறங்கிக் கண்ணாடியைத் துடைக்காமல் நகர மாட்டான். ராசம்மா நாற்காலியில் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"வண்டியில வெளக்கு எரியுது. ஊத்துற டீசல் நிக்கறதில்ல. இவன் எவ்வளவு எடுத்திருக்கான்னு உங்க பொட்டியில பாத்துச் சொல்லுங்க."

எங்கள் பெட்டி பல விஷயம் சொல்லும், திருடன் பெயர் மட்டும் சொல்லாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாதேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஸ்கேனர் பார்த்தவன் சந்துரு. உங்களில் பலருக்குத் தெரிந்தவன்தான். கெட்டிக்காரன், கன்னடத்தில் உரக்கப் பேசுவான். அவன் பார்த்துவிட்டு, புகை ஃபில்டர் அடைத்துக்கொண்டு வருகிறது, சென்சார் சரி, ட்யூப் சரி, இஞ்செக்டரும் சரி என்றான். வண்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளப் பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றிருக்கிறது. விளக்கு இன்னும் மஞ்சள்தான், சிவப்புக்குப் போகவில்லை.

இதுவரை நல்லபடியாகப் போயிற்று. அப்புறம் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. தொட்டால் தண்ணீர் மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, ஊரே கேட்கிறமாதிரி, ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது என்றான்.

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையிலேயே மாதேஷின் வேலை பாதி போய்விட்டது. ராசம்மா எழுந்து நின்றுவிட்டார். ஆயிலையும் எடுத்துவிட்டு டீசலை ஊற்றி அளவு காட்டியிருக்கிறான் என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அவருடைய புருஷனின் லாரிகளில் அப்படிச் செய்து பிடிபட்டவர்கள் உண்டாம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபில்டர் புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும், வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது, கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, சூடேற்றி, பிடித்த கரியைத் தானே எரித்துவிடும். அது எரிந்து முடிவதற்குள் வண்டியை நிறுத்தினால், பீய்ச்சிய டீசல் ஒழுகி ஆயிலில் சேரும். ஆக, காணாமல் போன டீசலில் ஒரு பங்கு அந்த வண்டியின் வயிற்றிலேயே இருந்தது. இதை நான் ராசம்மாவிடம் நிதானமாக விளக்கினேன். பூட்டை உடைத்தவனுக்காக வக்கீல் பேசுவதைக் கேட்பது போல அவர் கேட்டார்.

"நீயும் ஹனூரு, அவனும் ஹனூரு," என்றார். அதோடு என் விளக்கம் முடிந்தது. அன்றைக்கு வேலை எதுவும் செய்ய விடவில்லை.

இதில் மாதேஷுக்கு என்ன போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மைசூரில் இருக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் டிரைவர் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் சாவியைக் கொடுப்பார். கை சுத்தமில்லை என்று ராசம்மா மாதிரி ஒருவர் கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை விட்டால் போதும், அப்புறம் ஹனூர் முதல் ஹெப்பாள் வரைக்கும் மாதேஷ் கையில் ஒரு சைக்கிள் சாவியைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அவர்கள் கிளம்பும்போது நான் மாதேஷைத் தனியாகப் பிடித்தேன். நாள் முழுக்க வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். வீடு, மார்க்கெட், மறுபடி வீடு என்றான். நாற்பதுக்கு மேல் முள் ஏறினால் அம்மா தோளில் தட்டுவார்களாம். அது கெடுதல்தான், ஆனால் அதனால் மட்டும் இவ்வளவு கரி சேராது, வேறு என்ன என்று கேட்டேன். அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான்.

"காலையில ஒருக்கா வூட்டுப் பக்கம் வந்து பாருங்கக்கா. என் வாயால சொல்ல மாட்டனுங்க."

எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் சொன்னேன் என்று கேட்டால் அவருக்கே பிடிக்காது. வண்டியைக் கழற்றுவதற்கு முன்னால் அது எங்கே தூங்கி எழுகிறது என்று பார்த்துவிட்டு வா என்பார். பெரிய தத்துவம் என்று நினைக்காதீர்கள், வேலை நேரத்தில் வெளியே போய் டீ குடிக்க அவர் கண்டுபிடித்த வழி அது. ஆனாலும் எனக்கு அது பயன்பட்டது.

ராசம்மா எங்கள் ஒர்க்‌ஷாப்பில் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு சரஸ்வதிபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

போர்ட்டிகோவில் கார் கிழக்கைப் பார்த்து நின்றது. பானெட்டில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், மேலே செவ்வந்திப் பூ. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராசம்மா சாம்பிராணித் தட்டோடு வண்டியைச் சுற்றி வந்தார். மாதேஷ் ஓரமாகக் கைகூப்பி நின்றான். முன்னால் சாம்பிராணிப் புகை, பின்னால் சைலன்சர் புகை. எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை.

இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பழைய லாரிகளை எடுத்ததும் ஓட்ட முடியாது. பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும். அதுவரைக்கும் எஞ்சின் நின்ற இடத்தில் ஓட வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று முதலாளி வீட்டுப் பெண்கள் வந்து சூடம் காட்டுவார்கள். காற்று ஏறுவதும் பூசை முடிவதும் ஒன்றாக இருக்கும். இந்தக் காருக்கு ஏற்ற வேண்டிய காற்று எதுவும் இல்லை. லாரி போய்விட்டது, காற்றும் போய்விட்டது, பூசையும் ஓடும் எஞ்சினும் மட்டும் மிச்சம்.

அதுவும் சின்னப் பூசை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோவில் தீபாராதனை பார்க்க வேண்டும். அவனுக்குச் சில நாள் படம் வரும், சத்தம் வராது. சில நாள் சத்தம் வரும், படம் வராது. அவன் முகம் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். எஞ்சின் ஓடாவிட்டால் அது அபசகுனம். அப்படித் தினமும் நின்ற இடத்தில் எரிந்த டீசலுக்குக் கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வரும்? மகன் வாங்கிக் கொடுத்த காரை மகனுக்குக் காட்டிக் காட்டியே அடைத்துவிட்டார்கள்.

குடையைக் கொடுத்தேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு உங்களில் ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோளாறு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒரு மனிதனின் வேலை அதில் மாட்டியிருக்கிறது. சொல்லிவிட்டேன். அக்கா, உங்கள் பூசைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, பூசையின்போது எஞ்சினை மட்டும் நிறுத்திவிடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை வண்டியைப் பெரிய ரோட்டில் அரைமணி நேரம் எண்பதில் ஓடவிடுங்கள், விளக்கும் அணையும், டீசலும் நிற்கும் என்றேன்.

ராசம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"என் வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் இந்தப் பூசையில ஒரு வண்டி கெட்டதில்ல. இப்ப என் சாமியே வண்டிய அடைச்சிருச்சா? இது உன் வாயில இருந்து வருதா, இல்ல அவன் சொல்லிக் குடுத்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தீர்ப்பையே சொல்லிவிட்டார். "சும்னே பேசிப் பிரயோசனமில்ல. வர்ற அமாவாசைக்கு மலைக்குப் போறோம். மாதேஸ்வரன் முன்னாடி கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். அவன் எடுக்கலன்னா சாமி பாத்துக்கும்."

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து மாதேஸ்வரன் பேரில் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நல்லவனை யாரும் சத்தியம் செய்யக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டார்கள் என்றாலே ஊர் அவனை ஒரு மாதிரி பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

சரியான கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்து, அதை உரியவரிடம் நேராகச் சொன்னதில், ஒரு டிரைவரை நான் சந்தேகத்திலிருந்து சத்தியத்துக்கு உயர்த்தியிருந்தேன்.

அமாவாசைக்கு முன்னால் வண்டி மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. தண்ணீராகிப்போன ஆயிலோடு மலை ஏறினால் எஞ்சின் போய்விடும் என்று போனில் பயமுறுத்தி வரவழைத்திருந்தேன். சந்துரு ஆயிலை மாற்றினான். இங்கேயே நிறுத்தி வைத்து, கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்து, ஃபில்டரில் இருக்கும் கரியையும் எரித்துவிடுகிறேன் என்றான். ராசம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"வெளக்கு எரியட்டும். எரியறத சாமி பாக்கட்டும்."

விளக்கை அவர் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். சந்துரு என்னைப் பார்த்தான். நான் அவனிடம் கரி எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். இன்னும் ரோட்டில் தானாக எரிகிற அளவுதான், ஓட விட்டால் போதும் என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைசூரிலிருந்து நரசிபுரா, கொள்ளேகால், ஹனூர் வழியாக மலை. நான் எழுதத் தெரிந்தவளாக இருந்து இந்த வண்டிக்கு மருந்துச் சீட்டு எழுதியிருந்தால் இந்த ரோட்டைத்தான் எழுதியிருப்பேன். எந்த வேகத்தில் ஓட்டச் சொல்லி நான் கெஞ்சினேனோ, அந்த ஓட்டத்தை மாதேஷைச் சத்தியம் செய்ய வைப்பதற்காக ராசம்மாவே ஏற்பாடு செய்திருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து தோளில் தட்டி அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

விளக்கு எரிகிற வண்டி, மலையில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள், நானும் வருகிறேன் என்றேன். ராசம்மாவுக்குச் சந்தோஷம். சத்தியத்துக்கு ஒரு சாட்சி கூடுதலாகக் கிடைத்தது.

மாதேஷிடம் எல்லாவற்றையும் முன்பே விளக்கிவிட்டேன். நரசிபுரா தாண்டியதும் எண்பதைத் தொடு, எஞ்சின் சத்தம் இறங்க விடாதே, நடுவில் எங்கேயும் நிறுத்தாதே. அவன் தலையாட்டினான். காலையில் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதே தனக்கும் சந்தேகம் இருந்தது என்றான். அப்படியானால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

அமாவாசையன்று காலையிலேயே கிளம்பினோம். பூசை போட்டு, மகனுக்குக் காட்டிவிட்டுத்தான். நரசிபுராவில் ராசம்மா இறங்கி ஆற்றைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு ரோடு நீண்டு கிடந்தது. மாதேஷ் எண்பதைத் தொட்டான். ராசம்மாவின் கை அவன் தோளுக்குப் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவசரமாக ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் வீட்டுக்காரர் இந்த ரோட்டில் லாரி ஓட்டினால் எப்படி ஓட்டுவார்?

கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் மடியில் இறங்கியது. வெல்ல மூட்டை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை முந்திப் போவாராம் அவர். எதிரே வருகிற லாரிக்காரன் வண்டியை ஓரம் கட்டி வணக்கம் வைப்பானாம். ஒருமுறை பக்கத்தில் ராசம்மாவை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்து, மாமியார் கேட்டதற்கு மாட்டு வண்டியில் வந்தோம் என்று சொன்னாராம். ராசம்மா சொல்லச் சொல்ல நான் இன்னும் இன்னும் கேட்டேன். மாதேஷின் முள் எண்பதிலேயே நின்றது. முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று அசைந்து அசைந்து போனது. மாதேஷ் கியரை இறக்கி, சத்தம் குறையாமல் தாண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் சூடான வாசனை வந்தது. ஃபில்டர் எரிய ஆரம்பித்துவிட்டது.

"என்னமோ கருகுற வாசம் வருதே," என்றார் ராசம்மா.

வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன். அடுத்த வளைவில், ரோட்டோரம் தேங்காய் குவித்து வைத்து ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். தேங்காய் வியாபாரி ஒருவர் இன்னொருவரின் குவியலைப் பார்த்துவிட்டுச் சும்மா போவாரா? "நிறுத்துடா, என்ன வெல சொல்றான்னு கேப்போம்" என்றார். மாதேஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஓடினால் வேலை முடிந்தது. இப்போது நிறுத்தினால் பழையபடி பாதியில் நிற்கும், ஆயிலில் டீசல் ஒழுகும், விளக்கு எரிந்தபடியே மலைக்குப் போவோம்.

இந்தக் காயெல்லாம் உங்கள் கடைக் காய்க்கு ஈடாகுமா அக்கா, இதற்குப் போய் இறங்கி விலை கேட்டால் உங்களுக்குத்தான் குறைச்சல் என்றேன். அவர் அந்தக் குவியலை ஒரு பார்வை பார்த்தார். அதுவும் சரிதான் என்றார். எங்கள் தொழிலில் ஸ்பேனரைவிடப் பெரிய கருவி வாய்தான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

கொள்ளேகால் எல்லை வருவதற்குள் விளக்கு அணைந்தது. மாதேஷ் பார்த்தான், நான் பார்த்தேன். கடைசியில் ராசம்மாவே எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு எங்கடா?"

"அணைஞ்சிருச்சுங்கம்மா."

அவர் இரண்டு கையையும் தூக்கி, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலைக்குப் போகும் முன்னாலேயே மாதேஸ்வரன் காட்டிவிட்டார், மாதேஷ் மேல் தப்பில்லை, இனிமேல் சத்தியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றார்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் கண்டுபிடித்த கோளாறு, நான் சொன்ன மருந்து, நான் வாய் வலிக்கப் பேசி முடித்து வைத்த வேலை. பெயர் சாமிக்குப் போகிறது. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மாதேஷ் தப்பித்துவிட்டான், அது போதும், காலைப் பூசையில் எஞ்சினை நிறுத்த வேறு ஏதாவது வழி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மாதேஷ் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"சாமி இல்லீங்கம்மா. ரோட்டுல ஓடுனதால கரி எரிஞ்சு போச்சு. அதான் வெளக்கு அணைஞ்சுது. காலையில நின்ன எடத்துல எஞ்சின ஓட விட்டா மறுக்கா எரியும்."

நான் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் நான் எத்தனையோ பேர் வேலையைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். தன் விடுதலையை இவ்வளவு சுத்தமாகக் கெடுத்துக்கொண்டவனைப் பார்த்ததில்லை.

"அப்ப அவ சொன்னதுதான் நெசமா?" என்றார் ராசம்மா, என்னைக் காட்டி.

"நெசந்தானுங்க."

"இத்தன நாளா நீ ஏன் சொல்லல?"

"சொன்னா, சாமிக்கு எதுத்துப் பேசறான், திருட்ட மறைக்கப் பாக்கறான்னு சொல்லுவீங்க. இன்னிக்குச் சத்தியம் பண்ணப் போறனுங்கம்மா. போற வழியில ஒரு பொய்க்குத் தலையாட்டிட்டு, மேல போய் கற்பூரத்துல கை வெக்க முடியாது."

"அதான் சத்தியம் வேண்டாம்னுட்டனே."

"வெளக்கு அணைஞ்சதுக்காக வேண்டாம்னீங்க. அது வேற, நான் வேறங்க."

மாதேஷ் வண்டியை எடுத்தான். வளைவுகளில் வண்டி நன்றாக ஏறியது. புது ஆயில், சுத்தமான ஃபில்டர். குறை சொல்ல எதுவும் இல்லாத வண்டியில் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனோம்.

மேலே கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், ராசம்மா மறுபடியும் வேண்டாம்டா என்றார். கெஞ்சுவது மாதிரிதான் இருந்தது. மாதேஷ் கடையில் கற்பூரம் வாங்கி வந்தான். கோயிலுக்கு வெளியே, கல் தரையில் ஏற்றினான். சட்டைக் கையை மடக்கிவிட்டு, இந்த வண்டியிலிருந்து ஒரு சொட்டு டீசல் நான் எடுத்ததில்லை என்று சொல்லி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். அணைந்தது. பக்கத்தில் தேங்காய் உடைக்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பார்வையைத்தான் நான் முன்பே உங்களுக்குச் சொன்னேன்.

ராசம்மா தன் கைக்குட்டையை நனைத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, கையில் கட்டிக்கொள்ளாமல், அதைக் கொண்டு போய்க் காரின் கண்ணாடியைத் துடைத்தான்.

இறங்கி வந்தோம். ஹனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, சாவியை என்னிடம் நீட்டினான்.

"போற வழியில நிறுத்தாமப் போங்கக்கா. அப்புறம் ஒருக்கா ஆயில் அளவு பாத்துருங்க." ராசம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். "வர்றனுங்கம்மா."

அவன் எங்கே போகிறான் என்று அவருக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவான் என்று நினைத்தார். அவன் ரோட்டைத் தாண்டி, நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் போய் மறைந்தான். ராசம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிப் போயிற்று. அந்த இடத்தில் யாரும் இல்லை.

நான் முன்சீட்டுக்குப் போனேன். லைசென்ஸ் என் பையில் எப்போதும் இருக்கும். சீட்டை என் உயரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். எண்பதில் போனேன். தோளில் கை விழவில்லை.

"சத்தியம் பண்ணிட்டான், நானும் நம்பிட்டேன். அப்புறம் ஏன் போறான்?" என்று ஒருமுறை கேட்டார். அது என்னிடம் கேட்டது மாதிரி இல்லை.

பிள்ளைகளே, வண்டியைப் பொறுத்தவரை அது நல்ல வேலை. அந்த விளக்கு மறுபடி எரியவில்லை. பூசை இன்றைக்கும் நடக்கிறது, எஞ்சின் மட்டும் ஓடுவதில்லை. சந்துருவைக் கேட்டால் வெற்றி என்றுதான் சொல்வான், ஸ்கேனரும் அதைத்தான் சொல்லும்.

அன்றைக்குத் திரும்பும்போது கொள்ளேகால் தாண்டி நரசிபுரா வருகிற வரைக்கும் ராசம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் முன்னால் குனிந்து, வியாபாரம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏம்மா, உனக்குத் தெரிஞ்ச டிரைவரு யாராச்சும் இருக்காங்களா? நம்பிக்கையான ஆளா இருந்தா தேவல."

"ஒருத்தன் இருந்தானுங்கக்கா," என்றேன். "ஹனூர்ல எறங்கிட்டான்."